எறும்பு அண்ணியின் முழங்கால்

எங்கள் வீட்டு மாடிப்படியில் யார் ஏறினாலும் இறங்கினாலும் படுக்கையில் இருந்தபடியே ஆளைச் சொல்லிவிடுவேன். கீழ்வீட்டில் நான், மேல்வீட்டில் அண்ணனும் அண்ணியும். படி என் கதவை ஒட்டியே இறங்குகிறது. அண்ணன் பேக்கரியில் மாவு பிசைகிறவன், விடியும் முன்பே போய்விடுவான். அவன் இறங்கினால் மாவு மூட்டை உருள்கிற மாதிரி இருக்கும். அண்ணி இறங்குவது மட்டும் காதிலேயே விழாது. கீழே சைக்கிள் ஸ்டாண்டை உதைக்கிற சத்தம் கேட்டால்தான் அவர் கிளம்பிவிட்டார் என்று தெரியும்.

அப்படிப்பட்ட அண்ணியின் காலடி ஒரு காலையில் எனக்குக் கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு படி. கைப்பிடிக் கம்பி முனகியது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அண்ணி மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். ஏணியில் இறங்குகிறவர் மாதிரி முகம் படியைப் பார்த்திருந்தது, இரண்டு கையும் கம்பியில் இருந்தன.

"என்ன அண்ணி, படி திசை மாறிப்போச்சா?"

"கம்மல் திருகு விழுந்திடுச்சு. தேடுறேன்."

காதில் கம்மல் இரண்டும் பத்திரமாக இருந்தன. எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும் என்று ஊரே சொல்லும், ஆனால் அன்றைக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. நாற்பத்து மூன்று வயதில் ஒரு பெண்மணி பின்பக்கமாகப் படி இறங்குகிறார் என்றால் அது முதல் நாள் இறங்குகிற இறக்கம் அல்ல. கை வைக்கிற இடம், கால் வைக்கிற இடம் எல்லாம் பழகியிருந்தது. எத்தனை நாளாக நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் யோசித்தேன்.

அண்ணியின் வேலை வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம், லேப்புக்கு வர முடியாத வயதானவர்கள், கட்டிலோடு கிடப்பவர்கள், ஊசியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிற குழந்தைகள் எல்லாம் அவர் பங்கு. சைக்கிள் கேரியரில் ஐஸ் வைத்த நீலப் பெட்டி, தோளில் ஊசியும் பஞ்சும் உள்ள பை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர் என்று சிலரைச் சொல்வார்களே, இவர் நிஜமாகவே அந்த ரகம். எல்லாரிடமும் ஒரே வசனம்தான்: "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்." அதனாலேயே அவருக்கு எறும்பு என்று பெயர் வந்துவிட்டது. குழந்தைகளுக்கு எறும்பு அக்கா, பெரியவர்களுக்கு எறும்பு அம்மா. நான் நாத்தனார், எனக்கு எறும்பு அண்ணி.

அவர் கொண்டுவருகிற குழாய்களை வாங்கி வைப்பது என் வேலை. அதே லேப்பில் முன் மேஜை என்னுடையது. குழாய்களைச் சுழலும் மெஷினில் போட்டுச் சுற்ற விட்டால் அடியில் சிவப்பும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீரும் பிரிந்து நிற்கும். வழியில் குழாய் குலுங்கியிருந்தால் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தம் உடைந்துபோகும். மேலே நிற்கிற நீர் ரோஸ் நிறத்துக்கு மாறிவிடும். அந்த ரத்தம் குப்பைக்குத்தான். அதை மீறிப் பார்த்தால் பொட்டாசியம் ஏறியிருப்பதாகப் பொய் சொல்லும், நன்றாக இருக்கிறவரை ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும். மற்றவர்கள் கொண்டுவருகிற பெட்டிகளில் அடிக்கடி ரோஸ் தெரியும். நான் பார்த்தவரை அண்ணியின் பெட்டியில் தெரிந்ததே இல்லை. அதில் அவருக்கு இருந்த கர்வம் நகைக்கடைக்காரருக்குக்கூட இருக்காது.

ஸ்கூட்டர் ஓட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். அண்ணன் ஒருமுறை கற்றுக்கொடுத்தான். அண்ணி நேராகப் பேக்கரியின் முன் கண்ணாடிக்குள் போய் நின்றார். அதோடு அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

வலி எப்போது தொடங்கியது என்று நச்சரித்துக் கேட்டேன். முதலில் விடுமுறை நாளில் போய்விடுமாம், வேலை தொடங்கியதும் வருமாம். பிறகு விடுமுறையிலும் உட்கார்ந்து எழும்போது வந்ததாம். முழங்கால் சில்லுக்கு அடியில் யாரோ மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி என்றார். சில நாள் கெண்டைக்கால் வரை இழுக்குமாம். வெந்நீர் ஒத்தடம், தைலம், இழுத்து மாட்டுகிற உறை என்று எல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்திருந்தது. தைல வாசனை வந்தபோது அண்ணனுக்கு இடுப்பு பிடிப்பு என்று நினைத்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான்.

"டாக்டர்கிட்ட போகலாம்னு ஏன் சொல்லல?"

"போனா சைக்கிளை விடுன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே."

"சைக்கிளை விட்டா வேலை ஏது? உன் நாற்காலியைத்தான் பிடுங்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் லேப்பில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று இருந்தது என் நாற்காலி ஒன்றுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

பயம் வேலையோடு நிற்கவில்லை. அண்ணியின் அம்மா ஐம்பது வயதில் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். அதற்குப் பிறகு யாராவது தூக்கிவிட்டால்தான் எழுந்தார். தூக்கியது பெரும்பாலும் அண்ணிதான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். "அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வருது. நானும் ஒரு மூலையில முடங்கிடுவேனோன்னு இருக்கு" என்றார். தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

இந்தச் சமயத்தில் எங்கள் மேனேஜர் ஒரு காரியம் செய்தார். கெட்ட மனிதர் அல்ல, நெஞ்செரிச்சல்காரர். வாயில் எப்போதும் ஒரு மாத்திரை இருக்கும். எல்லாரையும் நிற்க வைத்து, பாலத்துக்கு அந்தப் பக்கமும் இனி நாம் ரத்தம் எடுக்கப் போகிறோம், ஆளாளுக்குச் சுற்று நீளும் என்றார். "முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க. வேலைக்கு ஆள் நிறைய நிக்குது." பாலம் என்றால் ஏற்றம். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி சுவரில் தொங்கிய காலண்டரை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பிடிவாதமாக நின்று அவர் ரத்தத்தை நானே எடுத்தேன். எனக்கும் ஊசி போடத் தெரியும். விருப்பம்தான் கிடையாது. ஊரெல்லாம் குத்துகிற அண்ணி கையை நீட்டிவிட்டு முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றேன்.

"எறும்பா? தேளு! யார் உனக்கு ஊசி போடக் கத்துக்குடுத்தது?"

"நீங்கதான்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். குழாயை எடுத்துப்போய் நானே மெஷினில் போட்டேன். வாதமா, யூரிக் அமிலமா, சுண்ணாம்புச் சத்துக் குறைவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முடிவு வரும்வரை அண்ணி என் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். முடிவு வந்தது. ஒன்றுமே இல்லை. நான் துள்ளிக் குதிக்காத குறைதான். அண்ணியின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

"ஒண்ணும் இல்லன்னா அப்புறம் ஏன் வலிக்குது? பேர் இல்லாத வியாதியா?"

அதைக் கேட்டதும் என் சந்தோஷமும் போய்விட்டது. எனக்கும் அதே கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் பிசியோ டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஒடுங்கிய அறை, உயரமான கட்டில், சுவரில் தொங்கும் ரப்பர் பட்டைகள். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண், அதிகம் பேசாதவர். "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றார் அண்ணி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் சில்லின் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். அண்ணியின் கால் விரல்கள் ஐந்தும் மடங்கின.

"இப்ப?"

"எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கு."

"அண்ணி, பொய் சொல்றதுக்கா இங்க வந்தோம்?" என்று நான் கத்தியே விட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டர் தன் வேலையைத் தொடர்ந்தார். ஒரு பலகைமேல் ஏறி இறங்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், தொடையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எதில் வந்தீர்கள் என்று கேட்டு, வாசலுக்கு வந்து, அண்ணியைச் சைக்கிளில் உட்கார்ந்து நாலு மிதி மிதித்துக் காட்டச் சொன்னார். நானும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். சீட்டு அவ்வளவு தாழ்வாக இருந்தது. பெடல் மேலே வரும்போது அண்ணியின் முழங்கால் வயிற்றைத் தொட்டது, கீழே போனபோதும் கால் நீளவே இல்லை. குழந்தையின் சைக்கிளைப் பெரியவர் எடுத்து ஓட்டுகிற மாதிரி இருந்தது.

"இத்தனை வருஷமா இப்படியேவா மிதிக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர். "மடங்கின கால்லயே முழு பாரமும் விழுது. முட்டி என்ன செய்யும், பாவம்." சீட்டை உயர்த்த வேண்டும், ஒரேயடியாக வேண்டாம், விரல் அகலம் விரல் அகலமாக. தொடைக்குப் பயிற்சி. கொஞ்ச நாள் ஏற்றம் ஏறக் கூடாது. "இப்படியே விட்டா பின்னாடி எக்ஸ்ரே படம் எடுத்துத்தான் பேசணும்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று பயந்துபோனால் ஒரு நட்டைத் திருகச் சொல்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு லேசானது. அண்ணி சரி சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். அண்ணன் குப்பையைக் கொட்டுகிறேன் என்று ஆட்டுகிற அதே தலையாட்டல்.

சீட்டை ஏன் இப்படித் தாழ்த்தி வைத்திருக்கிறார் என்று வழியில் நிறுத்திக் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீட்டு சரியான உயரத்தில்தான் இருந்ததாம். ஒரு நாள் லேப் வாசலில் குதித்து இறங்கும்போது சைக்கிள் சாய்ந்து பெட்டி தூணில் இடித்தது. உள்ளே இருந்த ஒரு கைக்குழந்தையின் ரத்தம் உடைந்துபோனது. எத்தனையோ முயற்சிக்குப் பிறகு கிடைத்த நரம்பு. மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். திறந்த தாய் திட்டவில்லை. குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். அன்றைக்கே சீட்டை அடிவரை இறக்கிவிட்டாராம். இரண்டு காலும் தரையில் ஊன்றினால் சைக்கிள் ஆடாது, பெட்டி ஆடாது, ரத்தம் உடையாது.

"அப்ப அந்தக் கர்வம் எல்லாம் உங்க முட்டியோட செலவுலயா?" என்று கேட்டேன்.

"கர்வம் இல்ல. ஒரு தடவை குத்தறதுக்குத்தான் எனக்கு உரிமை இருக்கு. ரெண்டாவது தடவைக்கு இல்ல."

எனக்கு வழக்கமாக வரும் கோபம்கூட வரவில்லை.

ஆனாலும் விடவில்லை. சீட்டை நானே உயர்த்தினேன், விரல் அகலம். பிறகு இன்னொரு விரல். அண்ணி நிறுத்தும்போது தடுமாறினார், ஒரு பக்கமாகச் சாய்ந்து நுனிக்காலில் நின்றார். படியில் நிறுத்தங்கள் குறைந்தன. நான் காலையில் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். அப்புறம் ஒரு நாள் மெஷின் நின்றதும் மூடியைத் திறந்தால், அண்ணியின் குழாய்களில் ஒன்றில் ரோஸ் நின்றது.

டெலிபோன் அம்மாவின் ரத்தம். டெலிபோன் நிலையத்தில் இணைப்பு கொடுத்து ஓய்வு பெற்றவர், சிறுநீரகக் கோளாறு, தனியாக இருக்கிறார். நூல் மாதிரி நரம்பு. பொட்டாசியம் பார்ப்பதற்காகவே மாதாமாதம் எடுக்கிற ரத்தம். அண்ணி அந்தக் குழாயை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்கே திரும்பிப் போனார். மறுநாள் காலை ஜன்னலில் பார்த்தேன். சீட்டு பழையபடி அடியில் இருந்தது.

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கம்மல் திருகுதான் பதிலாக வந்திருக்கும். பாலத்துக்கு அந்தப் பக்கச் சுற்றும் அந்த வாரமே தொடங்கிவிட்டது. காலையில் படியில் நிறுத்தங்கள் நீண்டன. ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். விழுந்துவிட்டாரோ, விழப்போகிறாரோ. ஸ்டாண்டு சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும். அவருக்கு முட்டியில் வலி, எனக்கு நெஞ்சில். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணனிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். அவன் மாவுக் கையோடு அழுதுவிடுவான். பிறகு அவனையும் தேற்ற வேண்டும்.

அடுத்த மாதம் டெலிபோன் அம்மாவுக்கு ரத்தம் எடுக்கிற நாளில் என் மேஜை போன் அடித்தது. மேனேஜர் பக்கத்தில் நின்று மாத்திரையைச் சப்பிக்கொண்டிருந்தார்.

"வணக்கம். லேப்தானே? கொஞ்சம் இணைப்பிலேயே இருங்க." தெளிவான, நிதானமான குரல். "உங்க எறும்பு என் வீட்டுத் தரையில உக்காந்திருக்கு. எந்திரிக்க முடியல. யாரையாவது அனுப்பி வைங்க."

"யாரு?" என்றார் மேனேஜர்.

"விலாசம் கேக்குறாங்க சார்" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. தலை சுற்றுகிறது என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டு, வாடகை வண்டி பிடித்து ஓடினேன். வழி முழுக்க அந்த ஜன்னல் ஓரத்து நாற்காலிதான் கண்ணில் நின்றது. அதில் உட்கார்ந்திருந்தது அவர் அம்மா இல்லை.

டெலிபோன் அம்மாவின் கட்டில் தாழ்வானது. அண்ணி வழக்கம்போல அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ரத்தம் எடுத்திருக்கிறார். பஞ்சை வைத்து அழுத்திவிட்டு எழுந்தபோது கால் கேட்கவில்லை. நான் போனபோது கட்டிலில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை நீட்டி, பெட்டியை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்டது இதுதான்: "மேனேஜர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"குழாயெல்லாம் நேரத்துக்குப் போகணும். நீ பெட்டியை எடுத்துட்டுப் போ. நான் மெதுவா வர்றேன்."

"பெட்டி கிடக்கட்டும்" என்று அவர் அக்குளில் கை கொடுக்கக் குனிந்தேன். "தூக்காத" என்று என் கையைத் தட்டிவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தைப் பற்றி எனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். கையை எடுத்துக்கொண்டேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த டெலிபோன் அம்மா முழங்கையில் பஞ்சைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்றார் அண்ணி. பழக்கம்.

"இங்க பாரு. நாலு வருஷமா என்கிட்ட எறும்புன்னு சொல்ற. நானும் தலையாட்டுறேன். ஒவ்வொரு தடவையும் வலிச்சுது. நல்லாவே வலிச்சுது. அன்னைக்கு ரெண்டாவது தடவை வந்து குத்தினப்ப இன்னும் வலிச்சுது."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா ஒரு தடவைகூடச் சொல்லல?"

"சொன்னா நீ வேற ஆளை அனுப்பிடுவியோன்னு பயம். மாசத்துல இந்த வீட்டுக்குள்ள வந்து உக்காந்து பேசறது நீ ஒருத்திதான்." பஞ்சு பிடித்த கையை நீட்டினார். "பிடிச்சுக்க. தூக்கல. நீயே எந்திரி. நான் சும்மா கையை வச்சிருக்கேன்."

அண்ணி அந்தக் கையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு வாய் கோணியது. "வலிக்குது" என்றார். முதலில் மெதுவாக. அப்புறம் சத்தமாக, "ரொம்ப வலிக்குதும்மா." அழுதார். எனக்குத் தெரிந்து அண்ணி அழுததில்லை. கல்யாணத்தன்றுகூட அழுதது அண்ணன்தான். நானும் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு கையைக் கட்டிலிலும் ஒரு கையை அந்தக் கையிலும் வைத்து எழுந்தார்.

லேப்புக்குள் நொண்டிக்கொண்டேதான் வந்தார். மேனேஜர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தலை சுத்தல் இவங்களுக்கா, உங்களுக்கா?"

"முட்டி வலிக்குது சார்" என்றார் அண்ணி. "பத்துக்கு எட்டு. பாலம் ஏற முடியல. சமதரையிலயும் இப்ப முடியல. ரொம்ப நாளாவே இருக்கு. சொன்னா வேலை போயிடும்னு சொல்லல."

மேனேஜர் மாத்திரையை விழுங்கிவிட்டார். "அப்ப நான் வேற ஆளைத்தானே பார்க்கணும்? என்ன செய்யச் சொல்றீங்க?" கடுமையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அப்போது என் வாய் முந்திக்கொண்டது. "நான் போறேன் சார். முட்டி சரியாகற வரைக்கும் அண்ணி என் நாற்காலியில உக்காரட்டும், நான் சைக்கிள்ல போறேன்."

"உங்களுக்குச் சைக்கிள் தெரியுமா?"

"ஏன் தெரியாது?" பள்ளிக்கூடத்தோடு விட்டது என்பதை நான் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் இன்னும் ஒரு பொய் பாக்கி இருந்தது.

அண்ணியின் சைக்கிளில் ஏறினால் என் முழங்கால் கைப்பிடியில் இடித்தது. நான் அவரைவிட உயரம். சீட்டை நன்றாக உயர்த்திக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நானும் தெருவைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். நிறுத்துகிற ஒவ்வொரு வாசலிலும் குதித்தேன். அன்று பெட்டியில் இரண்டு குழாய் ரோஸ். என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணி அவற்றை எடுத்துத் தனியாக வைத்தார்.

"இது உடைஞ்சிருக்கு. திரும்பப் போ."

"அண்ணி, கால் ரெண்டும் கழண்டு விழுது."

"பத்துக்கு எவ்வளவு?"

நாத்தனார் கொடுமையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அண்ணி கொடுமையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு வீட்டுக்கும் திரும்பிப் போனேன், இரண்டு கதவையும் தட்டினேன். ஒரு தடவை குத்துவதற்குத்தான் உரிமை என்று அவர் சொன்னது என்னவென்று எனக்கு இரண்டாவது வாசலில் புரிந்தது.

அதன் பிறகு வாசல்களைப் பார்த்து நிறுத்தப் பழகினேன். நடைபாதை விளிம்பு, படிக்கட்டின் கடைசிக் கல், தண்ணீர்க் குழாய் மேடை. இடது கால் ஊன்ற உயரமாக ஏதாவது இருந்தால் சீட்டிலிருந்து குதிக்கவே வேண்டாம். சைக்கிள் ஆடாது, பெட்டியும் ஆடாது. டெலிபோன் அம்மா வீட்டு வாசல் மட்டும் வெறும் தரை. என்னிடம் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த தடவை போனபோது கேட்டின் பக்கத்தில் ஒரு கனமான மரப் பலகையைப் போட்டு வைத்திருந்தார். "இது உனக்கு மட்டும் இல்ல. அவ வர்றப்பவும் இருக்கட்டும்" என்றார்.

அண்ணி என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தார். பிசியோ டாக்டர் வலி எவ்வளவு என்று கேட்டால் இப்போது யோசித்துச் சொன்னார். ஆறு. அப்புறம் அஞ்சு. ஒரு வாரம் திரும்பவும் ஏழு. முழுவதும் போய்விடும் என்று அந்தப் பெண் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வரும், போகும், வந்தால் மறைக்காதீர்கள் என்றுதான் சொன்னார். நான் ஒவ்வொரு வாசலாகக் கல்லும் மேடையும் எங்கே என்று அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்தேன். கேட்டுக்கொண்டார். நாத்தனாரிடம் பாடம் கேட்கிற அண்ணியை எங்கும் பார்க்க முடியாது, அதனால் நானும் கொஞ்சம் நீட்டி முழக்கியே சொன்னேன்.

நேற்று அவர் திரும்பச் சைக்கிளை எடுக்கிற முதல் நாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு, இந்தப் பக்கம் அவருக்கு. முன் மேஜையில் மேனேஜரே உட்கார்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், எத்தனை நாளைக்கு என்று தெரியாது. நான் விழித்துக்கொண்டு படுத்திருந்தேன். அண்ணன் உருண்டு போனான். பிறகு மேல்கதவு திறந்தது. ஒரு படி. அடுத்த படி. அடுத்தது. முன்பக்கமாகத்தான் இறங்குகிறார், சத்தத்திலேயே தெரிந்தது. பாதிப் படியில் சத்தம் நின்றது.

நின்றே இருந்தது. எழுந்து உட்கார்ந்தேன், செருப்பைத் தேடினேன். கதவைத் திறக்கலாமா வேண்டாமா?

"அண்ணி?" என்று உள்ளிருந்தே கூப்பிட்டேன்.

"வலிக்குது" என்றார் படியிலிருந்து. "கொஞ்சம் இரு. நின்னுட்டு வர்றேன்."

"சரி அண்ணி" என்றேன். திரும்பப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே ஸ்டாண்டை உதைக்கிற சத்தம் கேட்டது.